ஏரியைக் காப்பாற்ற மானியம் எங்கே கிடைக்கும்? கடலூர், புதுச்சேரி ஊர்ச் சங்கங்கள் கேட்கும் கேள்விகள்

பாகூர்ப் பக்கமும் குறிஞ்சிப்பாடிப் பக்கமும் ஏரிச் சங்கத்தாரோடு உட்கார்ந்து சில ஆண்டுகளாக மனுவும் திட்ட அறிக்கையும் எழுதிக் கொடுத்து வருகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் முதலிலிருந்து சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது.

ஏரிக்கு மானியம் யார் தருகிறார்கள்? திருப்பிக் கட்ட வேண்டுமா?

திருப்பிக் கட்ட வேண்டாம். ஆனால் சொன்ன வேலையைச் சொன்னபடி முடித்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

நம் பகுதிக்குப் பொருந்தும் வழிகளைச் சொல்கிறேன். மத்திய அரசின் நீர்நிலைப் பழுதுபார்ப்பு, புதுப்பிப்புத் திட்டம் 2005-இல் சோதனை முறையில் தொடங்கியது. கிராமப்புற ஏரி என்றால் நீர்ப்பரப்பு குறைந்தது 5 ஹெக்டேர் இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய குளங்களுக்கு 2022 ஏப்ரலில் அமிர்த சரோவர் திட்டம் வந்தது. 1 ஏக்கர் பரப்பும் 10,000 கன மீட்டர் கொள்ளளவும் இருந்தால் போதும் என்று அதில் அளவு வைத்தார்கள். ஏரிக்கு மேலே உள்ள மேட்டு நிலங்களுக்கு நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 2021-க்குப் பிறகான விதிப்படி சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய். பெரிய ஏரிகளுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் 2013-இல் இரண்டு பழைய திட்டங்களை இணைத்து உருவாக்கிய தேசிய நீர்வாழ் சூழல் பாதுகாப்புத் திட்டம். அதில் மாநிலங்களுக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 பங்கு மாநில அரசு.

இவை எல்லாமே அரசுத் துறைகள் வழியாகத்தான் வரும். ஊர்ச் சங்கம் நேரே டெல்லிக்கு எழுதிப் பணம் வாங்க முடியாது. சங்கம் செய்யக்கூடியது, துறை அனுப்பும் பட்டியலில் நம் ஏரியின் பெயர் இடம்பெறும்படி ஆதாரத்தோடு தொடர்ந்து கேட்பது. ஊர்ச் சங்கமே முன்நின்று பேசக்கூடிய வழிகள் மூன்று: நபார்டு (வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி), கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, மாவட்டக் கனிம அறக்கட்டளை. அவற்றைக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

எங்கள் ஏரி எந்தத் துறைக்குச் சொந்தம் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்நாட்டில் கணக்கு எளிது. ஆயக்கட்டு, அதாவது ஏரியில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு (100 ஏக்கருக்கு) மேல் இருந்தால் நீர்வளத்துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். வீராணம், பெருமாள் ஏரி, வெலிங்டன் எல்லாம் நீர்வளத்துறை. புதுச்சேரியில் பொதுப்பணித்துறையின் நீர்ப்பாசனப் பிரிவைக் கேளுங்கள். சின்னக் குளம் என்றால் அங்குள்ள உள்ளாட்சியான கொம்யூன் பஞ்சாயத்து.

யாருடைய ஏரி என்று தெரிந்த கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டு (நிலப் பதிவேடு) நகலும் புலப்பட (நில அளவு வரைபடம்) நகலும் வாங்குங்கள். துறை அலுவலகத்தில் 'டேங்க் மெமாயர்' இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வெள்ளைக்காரர் காலத்தில், 1880-களில் தொடங்கிய ஏரிப் புனரமைப்புப் பணியில் எழுதிய குறிப்பு அது. எத்தனை மதகு, கலிங்கல் (மிகைத் தண்ணீர் வழியும் இடம்) எவ்வளவு உயரம், முழுக் கொள்ளளவு மட்டம் என்ன, எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வரும், எல்லாம் அதில் இருக்கும். அது கையில் கிடைத்தால் உங்கள் மனு பாதி முடிந்தது.

தூர்வாரப் பணம் கேட்டால் போதாதா? வரத்துப் பகுதி, நீர்வடிப்பகுதி என்று எதற்கு நீட்ட வேண்டும்?

போதாது. இந்த ஒரு கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஏரிக்கு நானே மனு எழுதினேன். பணம் வந்தது. மூன்று பொக்லைன் இருபது நாள் ஓடின. மண் லாரி லாரியாகப் போனது. ஏரி ஆழமாகி, கரை உயர்ந்து, பார்க்கவே நன்றாக இருந்தது. ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் ஏரியில் முழங்கால் தண்ணீர்தான் நின்றது. வரத்து வாய்க்கால் ரோட்டைக் கடக்கும் இடத்தில் பழைய பாலத்தை எடுத்துவிட்டு ஒற்றைச் சிமென்ட் குழாய் போட்டிருந்தார்கள். அதுவும் பாதி அடைத்திருந்தது. ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் பக்கத்துத் தெருவில் புகுந்தது. மனு எழுதுமுன் அந்த வாய்க்காலை நான் கடைசிவரை நடந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அன்று வீட்டு வாசலில் தண்ணீர் நின்ற பெண்களின் முகம் இன்னும் மறக்கவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் 10,000 கன மீட்டர் மண். ஒரு டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் 3,300 நடைக்கு மேல். 100 ஹெக்டேர் ஏரியில் அரை மீட்டர் எடுக்க வேண்டுமென்றால் 1,60,000 நடையைத் தாண்டும். எந்த மானியமும் இதை முழுசாகத் தாங்காது. அதனால் எல்லா இடத்திலும் நடப்பது, ஒரு மூலையில் தோண்டிப் படம் எடுத்துக்கொள்வது.

வரத்துப் பகுதியை இதோடு ஒப்பிடுங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் 100 கன மீட்டர் தண்ணீர். 500 ஹெக்டேர் வரத்துப் பகுதியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 லட்சம் கன மீட்டர். அதில் கால் பங்கு வாய்க்காலில் ஓடி வந்தால் 1,25,000. அந்தக் கால் பங்கு தங்கு தடையில்லாமல் ஏரிக்கு வருவதும், வரும்போது மண்ணை அரித்துக்கொண்டு வராமல் இருப்பதும்தான் வேலை. மேட்டு நிலத்தில் வரப்பு, ஓடையில் சிறு தடுப்பணை, வாய்க்கால் கரையில் வெட்டிவேர் என்று இதற்குச் செலவும் தூர்வாருவதைவிடக் குறைவு. கடலூரை ஒட்டிய நொச்சிக்காட்டில் வெட்டிவேரைப் பயிராகவே வைக்கிறார்கள், நாற்றுக்கு வெளியூர் போக வேண்டியதில்லை.

அளவில்லாமல் தோண்டுவதில் ஆபத்தும் உண்டு. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது. கோடையில் மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், நிலத்தடி நீருக்கு நல்லது, அந்த அளவோடு சரி. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகும். அடியில் இருக்கும் களிமண் படுகையை உடைத்தால் கீழே மணல் வந்து, நின்ற தண்ணீரும் இறங்கிப் போகும். கடலோர ஊர்களில் இதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அதனால் மனுவில் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எல்லை அளவு, அடுத்து வரத்து வாய்க்கால், மேட்டு நில வேலை, மதகும் கலிங்கலும், கடைசியில் தூர். கூடவே மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கு ஒரு தொகை.

எங்கள் ஏரி புதுச்சேரியில் இருக்கிறது, தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. யாரிடம் கேட்பது?

பாகூர்க்காரர்கள் தவறாமல் கேட்பது இது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. தாசிப் பெண் ஒருத்தி தன் சொத்தைக் கொடுத்து வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் சொல்வார்கள். அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். ஊசுட்டேரியும் அப்படித்தான். ஏரியே இரண்டு பக்கமும் கிடக்கிறது, சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்காலில் வந்து சேர்கிறது.

ஒரு அரசின் பணத்தை அடுத்த அரசின் எல்லையில் செலவழிக்க முடியாது. எனவே ஒரே திட்ட வரைபடம் போட்டு இரண்டு மனுவாகப் பிரியுங்கள். இரண்டிலும் அதே வரைபடம் இருக்கட்டும். கம்பெனி நிதியென்றால் இந்த எல்லைத் தடை இல்லை, எல்லையைத் தாண்டும் வாய்க்காலுக்கு அதைத் தனியாக ஒதுக்கிக் கேட்கலாம்.

கம்பெனி நிதி எங்கள் சங்கத்துக்கு நேரடியாகக் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி ஆண்டு நிகர லாபம் 5 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டு லாப சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் மண், நீர்த் தரமும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரித் தொழிற்பேட்டைகளிலோ ஆலை வைத்திருப்பவர்களிடம் இதைச் சுட்டிக்காட்டிப் பேசலாம்.

ஆனால் பணம் வாங்கும் அமைப்பு 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வருமான வரித்துறை வரிச்சலுகைக்குத் தரும் 12ஏ, 80ஜி சான்றும், மூன்று ஆண்டு அனுபவமும் வேண்டும். புதிதாகத் தொடங்கிய ஏரிச் சங்கத்திடம் இதெல்லாம் இருக்காது. நம்பிக்கையான ஒரு அறக்கட்டளையோடு சேர்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களை விடாதீர்கள்: வேலையை அளந்து கையெழுத்துப் போடுவது சங்கமாக இருக்கட்டும், வண்டல் யாருக்குப் போகிறது என்பது எழுத்தில் இருக்கட்டும். எத்தனை நல்ல வேலை இந்த மண் விஷயத்தில் கெட்டுப்போயிருக்கிறது!

சுரங்கத் தண்ணீரும் மண்ணும் வந்து எங்கள் ஏரி தூர்ந்தது. கம்பெனி தூர்வாரித் தந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாமா?

வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பாசனத்து ஊர்களில் இதைக் கேட்காத விவசாயி இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீர் பரவனாற்றுப் பக்கமாக இந்த ஏரிகளுக்கு வருகிறது. பாசனத்துக்கு அது உதவியது உண்மை. கூடவே வந்த மண் படிந்து ஏரிகள் மேடானதும் உண்மை.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வேறொரு சட்டப்படி கம்பெனி செய்தே ஆக வேண்டிய வேலையைச் சமூகப் பொறுப்புக் கணக்கில் காட்டக் கூடாது. ஆகவே கம்பெனி தூர்வாரித் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் "இத்தோடு எங்கள் கோரிக்கை முடிந்தது" என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். மானியம் வேறு, இழப்பீடு வேறு.

இந்த ஊர்களுக்கு இன்னொரு வழி மாவட்டக் கனிம அறக்கட்டளை. சுரங்கம் உள்ள மாவட்டத்தில் கனிமத்துக்கான உரிமைத்தொகையோடு கூடுதலாகக் கட்டும் ஒரு பங்கு அதில் சேர்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பும் குடிநீரும் அதன் முன்னுரிமைப் பட்டியலில் இருக்கின்றன. பாசனமும் நீர்வடிப்பகுதி மேம்பாடும் அடுத்த பட்டியலில். கிராம சபைத் தீர்மானத்தோடு ஆட்சியரிடம் கொடுங்கள். நான் பார்த்தவரை, பாதிக்கப்பட்ட ஊர்களிலேயே பலருக்கு இப்படி ஒரு நிதி இருப்பது தெரியாது.

நபார்டு பணம் வாங்குவது கஷ்டமாமே?

கஷ்டம் இல்லை, பொறுமை வேண்டும். 1999-2000-இல் 200 கோடி ரூபாயோடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதியைத் தொடங்கினார்கள். அவர்கள் ஏரியை மட்டும் பார்க்க மாட்டார்கள். ஓடை தொடங்கும் மேட்டிலிருந்து பார்ப்பார்கள். முதலில் ஒரு சிறு பகுதியில் செய்யச் சொல்லி, ஊர் ஒத்துழைக்கிறதா என்று பார்த்த பிறகே முழு வேலைக்கு ஒப்புதல். ஊரார் உடலுழைப்பாக ஒரு பங்கு கொடுக்க வேண்டும். ஊர்க்குழு ஒவ்வொரு வயலாக நடந்து, அந்தந்த விவசாயியோடு பேசி, எங்கே வரப்பு எங்கே மரம் என்று எழுத வேண்டும். இந்தப் பகுதிக்கு வந்த முறைகளில் எனக்கு மனசுக்குப் பிடித்தது இதுதான். உழைப்பைக் கொடுத்த ஊர் அந்த வாய்க்காலில் குப்பை கொட்ட விடாது.

பங்களிப்பு என்று பத்து சதவீதம் கேட்கிறார்களே, ஏழை விவசாயி எங்கே போவான்?

2017-இல் தமிழ்நாட்டில் குடிமராமத்தை (பாசன விவசாயிகளே சேர்ந்து ஏரியைப் பழுதுபார்க்கும் பழைய முறை) மறுபடி கொண்டுவந்தபோது பாசன சங்கத்தின் பங்கு 10 சதவீதம் என்று வைத்தார்கள். பணமாகவோ உழைப்பாகவோ பொருளாகவோ தரலாம் என்றும் சொன்னார்கள். உழைப்பாகத் தருவதாக எழுதுங்கள். ஆள், நாள், கூலி விகிதம் போட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் "உங்கள் பங்கை நானே கட்டிவிடுகிறேன்" என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் கட்டிய நாளிலிருந்து வேலையைத் தட்டிக் கேட்கும் உரிமை உங்களிடம் இருக்காது.

புதுச்சேரியில் முன்பு வெளிநாட்டுப் பணத்தில் ஏரி வேலை நடந்ததே, அது மறுபடி வருமா?

1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரியின் 84 ஏரிகளைப் புனரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரிக்கு ஏரி பயனாளர் சங்கம் அமைத்ததுதான் அதன் சிறப்பு. வயல் உள்ளவர்களோடு நிலமில்லாதவர்களையும் பெண்களையும் சங்கத்தில் சேர்த்தார்கள். பல சங்கங்களின் பழைய கணக்கு நோட்டும் தீர்மானப் புத்தகமும் இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கும். தேடி எடுங்கள். இருபது ஆண்டுக்கு முன்பே ஊர் கூடிக் கணக்கு வைத்தது என்று காட்டினால், புதிதாகப் பணம் தருபவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. புதுச்சேரியில் 2006-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2011-இல் முடிந்த பிறகு நெடுங்காலம் தேர்தலே நடக்கவில்லை. உள்ளாட்சித் தீர்மானம் காட்ட முடியாத ஊர்களுக்கு அந்தச் சங்கப் புத்தகம்தான் கை கொடுக்கும்.

இப்போது வெளிநாட்டு நிதியை நேரடியாகப் பெற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை ஒரு அமைப்பு இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. சின்னச் சங்கம் இந்த வழியில் இறங்க வேண்டாம்.

எங்கள் ஏரியிலும் பறவைகள் வருகின்றன. சரணாலயமாக அறிவித்தால் பணம் வருமா?

ஊசுட்டேரியைப் புதுச்சேரி 2008-இலும், தன் பக்கத்தைத் தமிழ்நாடு அதன் பிறகும் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. வனத்துறை நிதிக்கு அது வழி திறக்கும். ஆனால் மீன்பிடிப்பு, மண் எடுப்பது, மாடு மேய்ப்பது எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடும் வரும். அந்த வாழ்க்கையில் இருப்பவர்களைக் கூட்டிப் பேசாமல் இந்தக் கோரிக்கையை வைக்காதீர்கள். இன்னொன்று, 2017-ஆம் ஆண்டின் சதுப்புநில விதிகள் பாசனத்துக்காகவே கட்டிய நீர்நிலைகளைத் தம் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. நம் ஏரிகள் பெரும்பாலும் அப்படிக் கட்டியவைதான். அதனால் சதுப்புநிலம் என்ற பெயரில் கேட்குமுன் வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆக்கிரமிப்பு இருந்தால் மானியம் கிடைக்காதா?

கிடைக்கும், ஆனால் வேலை பாதியில் நிற்கும். தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அளந்து எல்லை காட்டக் கேட்கலாம். வேறு போக்கிடம் இல்லாமல் கரையோரம் குடிசை போட்டவரையும், வரத்து வாய்க்காலை மூடி மனை போட்டவரையும் ஒன்றாக வைக்காதீர்கள். குடிசைக்காரருக்கு மாற்று இடம் கேட்டு அதே மனுவில் எழுதுங்கள்.

வண்டலை விவசாயிகள் எடுத்துக்கொள்ளலாமா?

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் இலவசமாக எடுக்கலாம். 2024-இல் விதியை எளிதாக்கி, தாசில்தாரே அனுமதி தரலாம் என்று ஆக்கினார்கள். உண்மையில் மானியம் இல்லாமலே ஏரி ஆழமாவதற்கு இதுதான் நல்ல வழி. வண்டல் வயலுக்குப் போகும், தூர்வாரும் செலவும் குறையும்.

எந்த மாதத்தில் மனு கொடுப்பது?

நம்மை ஏமாற்றுவது காலண்டர்தான். அரசுக்கும் கம்பெனிக்கும் கணக்காண்டு மார்ச்சில் முடிகிறது. ஏரி காய்வது சித்திரை, வைகாசியில். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் இறங்கிவிடும். ஒப்புதல் ஜூலையில் வந்து, டெண்டர் முடிந்து, செப்டம்பரில் பொக்லைன் இறங்கினால் வெட்டிப் போட்ட மண் முதல் மழையிலேயே உள்ளே திரும்பிவிடும். அதனால் வரைபடமும் அளவும் கார்த்திகை, மார்கழியில் எடுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்க்கலாம். மனு ஜனவரிக்குள் போகட்டும்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர், கடலூர்ப் பக்கத்து ஊர்கள் மூழ்கின. அன்று உங்கள் ஊரில் தண்ணீர் எந்தச் சுவர் வரை நின்றது என்று குறித்து வைத்திருந்தால், அது மனுவோடு போக வேண்டிய ஆவணம்.

ஒருவர் பத்து சதவீதம் கொடுத்தால் மானியம் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

கொடுக்காதீர்கள். எந்த மானியத்துக்கும் கமிஷன் கிடையாது.

மனுவின் முதல் பக்கத்தில் என்ன எழுதுவது?

ஏரியின் பெருமையை எழுத வேண்டாம். சோழர் காலத்து ஏரி என்பதெல்லாம் இரண்டாம் பக்கத்தில் இருக்கட்டும். நான் எழுதிக் கொடுப்பது இந்த மாதிரி, கோடிட்ட இடத்தில் உங்கள் ஊர் விவரத்தை நிரப்பிக்கொள்ளுங்கள்:

"எங்கள் ஏரியின் ஆயக்கட்டு ___ ஏக்கர். இதை நம்பி ___ விவசாயக் குடும்பங்களும், மீன், மாடு, கூலி வேலையை நம்பி ___ குடும்பங்களும் இருக்கின்றன. வரத்து வாய்க்கால் ___ கிலோமீட்டர். அதை ___ தேதியில் ஊரார் ___ பேர் தலைப்பிலிருந்து ஏரிவரை நடந்து பார்த்தோம். ___ இடங்களில் அடைப்பு இருக்கிறது. ஒவ்வொன்றின் படமும் அளவும் இணைத்திருக்கிறோம். முதலில் அந்த அடைப்புகளை நீக்க ___ ரூபாய் வேண்டும். எங்கள் உழைப்பு ___ ஆள் நாள்."